என் படத்தில் காணாமல் போன கயிறு

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், பால் பூத்தைத் தாண்டியதும் ஒரு முச்சந்தி. எங்கள் பகுதியில் யார் இறந்தாலும் அங்கேதான் பேனர் கட்டுவார்கள். அந்தப் பக்கம் போகிற எல்லாரும் நிமிர்ந்து, யார், என்ன வயது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். நானும் அப்படித்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, கீரைக்கட்டும் கையுமாக வந்துகொண்டிருந்தேன். புது பேனர் ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வயதைப் பார்க்க நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அது நான் வரைந்த படம்.

கருநீல வானம். மேலே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இருண்ட கிரகம். வலது கீழ் மூலையில் விண்வெளி உடையில் ஒரு ஆள். கிரகத்தின் விளிம்பில் செம்மண் நிறத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம் வரும். அந்த நிறத்துக்காக ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

இப்போது அந்தக் கிரகத்தின் மேல் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருந்தது. மூலையில் இருந்த ஆளைக் கொஞ்சம் பெரிதாக்கி, தலைக்கவசத்துக்குள் மீசை வைத்த ஒரு இளைஞனின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். பெயர் பிரபு. அடியில் வரிசையாக நண்பர்களின் முகங்கள். இடது மேல் மூலையில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

கோபம் வரவேண்டிய நேரம். ஆனால் அதற்கு முன்னால் கண் எங்கோ தடுக்கியது. படத்தில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. கயிற்றைக் காணோம்.

நான் வரைந்தபோது அந்த ஆளின் இடுப்பிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, வானத்தைக் குறுக்காகக் கடந்து, இடது மேல் மூலையில் படத்துக்கு வெளியே போய்விடும். அதை யாரோ சுத்தமாக அழித்து, அங்கே நட்சத்திரங்களைத் தூவியிருந்தார்கள். கயிறு இருந்தவரை அவன் வேலை செய்துகொண்டிருந்தான். இப்போது அவன் விழுந்துகொண்டிருந்தான்.

குக்கரைப் பார்த்து வரைந்த விண்கலம்

இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அறிவியல் கதைகளுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. ராக்கெட்டை நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் என் அடுப்பங்கரையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும்தான்.

என் முதல் விண்கலத்துக்கு குக்கர்தான் மாடல். வெயிட் போடுகிற இடத்தில் ஆன்டெனா வைத்தேன். வேற்றுக் கிரகம் வேண்டுமென்றால் தொழிற்பேட்டைக்குப் பேருந்து ஏறுவேன். துருப்பிடித்த தொட்டிகள், ஆள் ஏறுகிற இரும்பு ஏணிகள், எதற்கென்றே தெரியாத குழாய்கள். வாட்ச்மேன் வந்து, “இன்னாம்மா, ஓட்ட ஒடசல இப்டி வரைஞ்சிகினு கீற?” என்பார். செவ்வாய் கிரகம் என்று சொன்னால் நம்பவா போகிறார்?

வார இதழில் படம் போடுகிறவருக்கு முழுக் கதை கைக்கு வராது. போனில் ஒரு வரி வரும். “மேடம், ஒரு ரோபோ, ரெண்டு ஆளு, அதுல ஒருத்தன் துரோகி.” அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் படம் போகவேண்டும். துரோகி யார் என்பதை வாசகர் மோப்பம் பிடிக்கவேண்டும், கண்டுபிடித்துவிடக் கூடாது.

அதை முகத்தில் காட்ட முடியாது. இடத்தில்தான் காட்டவேண்டும். யாரை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் கதையே இருக்கிறது. ஆளைச் சின்னதாக்கினால் இயந்திரம் பெரிதாகிவிடும். நம் கண் தமிழ் படிக்கிற திசையிலேயே படத்தையும் படிக்கும். அதனால் வலப்பக்கம் நடக்கிறவன் புறப்படுகிறான் என்றும், இடப்பக்கம் நடக்கிறவன் திரும்புகிறான் என்றும் தோன்றும். பயம் வேண்டுமென்றால் பேயை வரையக் கூடாது, பக்கத்தில் இடத்தைக் காலியாக விடவேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் பட்ட அவமானங்கள் உண்டு. ஒருமுறை முழுப் பக்கத்துக்கு ஒரு பயங்கர ஜந்துவை வரைந்து அனுப்பினேன். கடைசி நேரத்தில் தேங்காய் எண்ணெய் விளம்பரம் வந்துவிட்டது. கீழ்ப்பாதியை வெட்டிவிட்டார்கள். இதழைப் புரட்டினால் என் ஜந்து கழுத்தளவு எண்ணெயில் உட்கார்ந்து குளிக்கிறது. நான் அழுதேன். அந்த வாரப் படம் பிரமாதம் என்று வாசகர்கள் எழுதினார்கள்.

அந்தக் கயிறு படமும் ஒரு தொடர்கதைக்குத்தான். விண்வெளி நிலையத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு ரிப்பேர் பார்க்கிற ஒரு மெக்கானிக்கின் கதை. நான் விண்வெளி நிலையத்தையே வரையவில்லை. எழுத்தாளர் போன் செய்து கோபித்துக்கொண்டார்.

“ஸ்டேஷன் எங்கங்க? ஆளு மட்டும் அந்தரத்துல தொங்குறான்?”

“கயிறு வெளிய போகுது பாருங்க சார். அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிட்டு இருக்காங்கன்னு படிக்கிறவங்களே நெனச்சுக்குவாங்க” என்றேன்.

அவர் சமாதானமாகவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கயிறு மேல் ஒரே பெருமை.

கடைக்குப் போய் நின்றேன்

பேனரின் அடியில் கடையின் பெயர் இருந்தது. மெயின் ரோட்டில்தான் கடை. கீரைக்கட்டோடு அப்படியே போனேன். நடத்துகிறவர் ரமேஷ். நாற்பது வயது, சுபாவத்தில் நல்ல மனுஷன், எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அவர்தான் பேனர் அடித்தார்.

“அது என் படம்” என்றேன்.

“எதுங்க்கா?”

“முச்சந்தியில தொங்குதே, அது. யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

ரமேஷ் முகம் வெளிறிவிட்டது. “அய்யோ, நீங்க வரைஞ்சதா? சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. நான் நெட்லருந்து எடுக்கல. செத்துப்போன பையனோட வாட்ஸ்அப் டீபி அது. பசங்க இதான் போடணும்னு அனுப்புனாங்க.”

போனை நீட்டினார். பிரபு என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் என் படம். இதழின் பக்கத்தை போனில் படம் பிடித்திருக்கிறான். நடுவில் பின் அடித்த இடம்கூடத் தெரிந்தது. கீழே அவனே எழுதியிருந்த ஒரு வரி: ‘நம்ம ஆளு’.

“இன்னா வேல செஞ்சிகினு இருந்தாரு?” என் வாயிலும் எங்கள் பகுதிப் பேச்சே வந்துவிட்டது.

“பெயின்டருக்கா. பெரிய பெரிய பிளாட்டுக்கு வெளிச்செவுத்துல தொங்கிகினு அடிப்பாங்களே, அது. நசரத்பேட்டை பக்கம் ஒரு சைட்டுல வுழுந்துட்டாரு.”

சண்டை போட வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ராக்கெட் பார்க்காத நான் கற்பனையில் தொங்கவிட்ட ஆளை, தினமும் நிஜமாகத் தொங்கிய ஒருவன் தன்னுடைய ஆள் என்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

“சரி. கயிறை ஏன் எடுத்தீங்க?”

“அது அந்த சைட்டு கான்ட்ராக்டர் சொன்னாருக்கா. பேனர் செலவு அவுங்கதான். அவுரு போட்டோ மேல மூலையில வரணும்னாங்க. நான் கயிறு மேலயே வட்டத்தை வெச்சேன், பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்தாளு வந்து பார்த்துட்டு, கயிறு வோணாம், தடமே இல்லாம எடுத்துருன்னாரு. பக்கத்துலயே நின்னுகினு, இன்னும் எடு, இன்னும் எடுன்னாரு.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

பதினாறாம் நாளுக்கு முன்னால்

கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். தலை வாராமல் முடிந்திருந்தாள். ரமேஷ் பதறி எழுந்துவிட்டார்.

“இன்னாம்மா நீ வந்துகினு கீற? காரியம் முடியற வரிக்கும் ஊட்டத் தாண்டக் கூடாதே. யார்கிட்டயாவது சொல்லி அனுப்பி இருக்கலாமில்ல?”

அவள்தான் தேவி, பிரபுவின் மனைவி. எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் தெருவில் இறங்கமாட்டாள். கடைத்தெருவில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

“கயிறு எங்கண்ணா?” என்றாள்.

ரமேஷ் என்னைக் காட்டினார். “இவுங்கதாம்மா அந்தப் படம் வரைஞ்சவங்க.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமுடியாது. நானே எடுத்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு சொன்னாள். பிரபு உட்கார்ந்து வேலை செய்த பலகை சரிந்துவிட்டது. பலகை சரிந்தாலும் இடுப்பு பெல்ட்டின் கயிறு தாங்கவேண்டும். அவன் பெல்ட்டை மாட்டவே இல்லை, அவன் அலட்சியம்தான் காரணம் என்று கான்ட்ராக்டர் போலீஸில் சொல்லிவிட்டார். கூட வேலை பார்த்தவர்களும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

“பெல்ட்டு மாட்டாம எங்கூட்டுக்காரு காலை வெளிய வெக்கமாட்டாருக்கா. ஊட்ல ஒட்டடை அடிக்க ஸ்டூல்ல ஏறுனாக்கூட என்ன வந்து புட்சிக்கச் சொல்லுவாரு. அத்தினி பயம். ஏழுமலை அண்ணன் பக்கத்துப் பலகையில இருந்துகீறாரு. பெல்ட்டு மாட்டி இருந்தான், கயிறுதான் இத்துப்போயி அறுந்துச்சுன்னு என்கிட்ட வந்து அழுதாரு. வெளிய சொல்லமாட்றாரு. அவுருக்கும் புள்ளைங்க கீது.”

முச்சந்திப் பக்கம் கையைக் காட்டினாள்.

“இப்ப முச்சந்தியில கயிறே இல்லாம தொங்கவுட்டுகீறாங்க. போறவன் வர்றவன்லாம் இன்னா நெனப்பான்? என் புள்ள பெரியவனாயி, அப்பா எப்டி செத்தாருன்னு கேட்டா, அவுருதான் ஒழுங்கா மாட்டலன்னு ஊரே சொல்லுமேக்கா.”

இத்தனை வருஷம் இடம், வெற்றிடம், கோடு என்று பேசியிருக்கிறேனே, ஒரு கோட்டை அழித்தால் செத்தவன் மேலேயே பழி போடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கான்ட்ராக்டருக்குத் தோன்றியிருக்கிறது. என் தொழிலை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் அவன்தான் என்று நினைத்தபோது அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது படம்

“கவலைப்படாதம்மா. என் படம் அப்படியே இருக்கு. கயிறோட வேற பேனர் அடிச்சு மாட்டிடலாம்” என்றேன்.

போனில் எடுத்துக் காட்டினேன். தேவி வெகுநேரம் பார்த்தாள். கயிறு போகிற வழியில் விரலை வைத்துக்கொண்டே போனாள். படத்தின் ஓரம் வந்ததும் விரல் நின்றது.

“இதுவும் வோணாங்க்கா.”

“ஏம்மா?”

“கயிறு வெளிய போவுதே. யாரோ புட்சிகினு கீற மாதிரி கீது. யாரும் புட்சிக்கலையேக்கா. அறுந்த மாதிரி வரைஞ்சு குடுங்க.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்றது. கயிறு வெளியே போவதுதானே அந்தப் படத்தின் உயிர். எழுத்தாளரிடம் சண்டை போட்டுக் காப்பாற்றிய கயிறு. இவ்வளவு பெரிய துக்கத்தின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, படம் கெட்டுப்போகுமே என்று ஒரு நிமிஷம் கவலைப்பட்டேன். கலைஞர்கள் மோசமான பிறவிகள்.

ஆனால் அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? கயிறு வெளியே போனால் ஒரு கதை. கயிறே இல்லாவிட்டால் இன்னொரு கதை. இரண்டும் நடக்கவில்லை. நடந்தது மூன்றாவது.

ரமேஷின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தேன். இத்துப்போன கயிறு எப்படி அறுமென்று தேவி சொன்னாள். ஏழுமலை அவளிடம் சொன்னதாம். கத்தியால் வெட்டியதுபோல இருக்காது, வெயிலில் வெளுத்து, நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நிற்குமாம். அப்படியே வரைந்தேன். பிரபுவின் இடுப்பில் பெல்ட்டின் கொக்கியைப் பளிச்சென்று வைத்தேன். கொக்கியிலிருந்து கிளம்பிய கயிறு நடுவானத்தில் பிரிந்து நின்றது.

“மேல் பாதிக் கயிறு எங்கேர்ந்து வரணும்? மூலையில அந்த ஆளோட போட்டோ இருக்கு. அதை எடுத்துடலாமா?” என்று கேட்டேன்.

“எடுக்காதீங்க. அங்கியே இருக்கட்டும்” என்றாள் தேவி.

நானும் ரமேஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் என்ன சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அறுந்த கயிற்றின் மறுமுனையைக் கைகூப்பிய அந்த வட்டத்திலிருந்து கிளப்பினேன். வேறு எதையும் தொடவில்லை. ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

ரமேஷ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “எனக்கு பாதி வேல அவுங்ககிட்ட இருந்துதான்கா வருது” என்றார். பிறகு அவரே குனிந்து, அடியில் இருந்த தன் கடைப் பெயரை மட்டும் அழித்துவிட்டு மெஷினை ஓடவிட்டார். வேறு யாராவது அதைக்கூடச் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

காரியத்தன்று

பதினாறாம் நாள் தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். பிரபுவின் போட்டோவுக்கு மாலை. பக்கத்தில் அவனுடைய அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் கடைசி வரிசை நாற்காலிகளில் இருந்தார்கள். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்திருந்த ஏழுமலையைத் தேவி எனக்குக் கண்ணாலேயே காட்டினாள். ஒல்லியான ஆள், தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முச்சந்தியில் அன்று காலை பழையதை அவிழ்த்துவிட்டு மாட்டிய புது பேனரைத் தாண்டித்தான் எல்லாரும் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

கான்ட்ராக்டர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். கார் உள்ளே நுழையாததால் முச்சந்தியில் இறங்கி, ரோஜா மாலையோடு நடந்து வந்தார். பேனருக்குக் கீழே நின்றார். தன் போட்டோவைத்தான் முதலில் தேடியிருப்பார். பிறகு அவர் பார்வை அங்கிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. என் படத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

பந்தலுக்குள் வந்தவர் மாலையைப் போடவில்லை.

“யாரும்மா இத மாத்துனது?”

“நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றாள் தேவி.

“அவன் பெல்ட் மாட்டல. சைட்ல எல்லாருக்கும் தெரியும். தப்பு அவன் மேல. அப்படியும் நான் மொறைக்கு வந்து நிக்கிறேன்.” கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “என்னப்பா, நான் சொல்றது சரிதானே?”

யாரும் நிமிரவில்லை. ஒருவர் செருப்பைச் சரிசெய்தார். படம் என்னத்தைக் கிழிக்கும், இந்தப் பெண்ணைச் சபையில் இன்னும் ஒருமுறை கேவலப்படுத்தத்தான் நான் உதவினேன் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட இருந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஏழுமலை எழுந்து நின்றிருந்தார்.

“மாட்டிகினுதான் சார் இருந்தான்.”

குரல் எழும்பவே இல்லை. கான்ட்ராக்டர், “என்னா?” என்றார்.

“பெல்ட்டு மாட்டி இருந்தான். நான் பக்கத்துல இருந்தேன். கயிறுதான் அறுந்துச்சு. மாத்துங்கன்னு எத்தினி தபா கேட்டோம் சார்.” சொல்லிவிட்டு முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், “ஆமா சார், நானும் கேட்டேன்” என்றார்.

பிரபுவின் அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன, என்ன என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவி எழுந்து வந்தாள். அதுவரை அவள் கண்ணில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்ததில்லை. இப்போது கன்னம் முழுக்க நனைந்திருந்தது. அவள் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பவே இல்லை.

“அண்ணே, இன்னொரு தபா சொல்லுண்ணே. சத்தமா சொல்லு. அத்தைக்குக் காது சரியா கேக்காது.”

ஏழுமலை போய் அந்த அம்மாவின் எதிரில் மண்டியிட்டார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.